அணைக்காத சூடம்

நீதிமன்றத்திலிருந்து அந்தச் சம்மன் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோகூர் பாருவில் ஒரு சின்ன அச்சுக்கூடம் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துப் பிழைப்பவன் நான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, ஒரு கொலை வழக்கில் நீதிபதியின் பக்கத்தில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல் என்றால் யாருக்குத்தான் புரியும்? அசெஸ்ஸர் என்று அதற்குப் பெயர். இங்கிலீஷ் தெரிந்த, ஊரில் நல்ல பெயர் உள்ள இரண்டு பேரை அப்படிப் பிடித்துப் போடுவார்கள். விசாரணைக்குப் புறப்பட்ட அன்று சட்டையை நெஞ்சு விறைக்க மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன்.

"வீட்டுல உங்க அபிப்பிராயத்த ஒரு நாயும் கேக்கறதில்ல. கோர்ட்டுலயாச்சும் கேக்கறாங்களே, போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி டொரத்தி.

அவள் சொன்னதில் பாதிதான் உண்மை. கோர்ட்டில் கேட்டார்கள். கேட்டு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் நாளே நீதிபதி எங்கள் இருவருக்கும் விளக்கினார். நரைத்த புருவமும் தணிந்த குரலும் உள்ள வெள்ளைக்காரர். அசெஸ்ஸர் இருவரும் ஒரே மாதிரி சொன்னால் அவர் அதை மீறித் தண்டிக்க முடியாது, வேறு விசாரணைதான் வைக்க வேண்டும். ஆளுக்கொன்று சொன்னால், நீதிபதி யார் பக்கமோ அதுவே தீர்ப்பு. இன்னொரு அசெஸ்ஸர் கூலாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் மானேஜர். சிவந்த கழுத்து, பெரிய கை. என்னிடம் சிகரெட் நீட்டினார். நல்ல மனிதர் என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

கூண்டில் நின்றவன் பெயர் வீரமுத்து. பாலோ ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டுகிறவன். ஒல்லியான உடம்பு. கம்பியைப் பிடித்துக்கொள்ளாமல், துரை முன்னால் நிற்பதுபோல் கைகட்டி நின்றான். அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஐயாசாமியை அவன் பாராங் கத்தியால் வெட்டிக் கொன்றான் என்பது வழக்கு. குற்றம் நிரூபணமானால் தூக்கு. அதைத் தவிர அந்தக் குற்றத்துக்கு வேறு தண்டனையே கிடையாது.

சர்க்கார் வக்கீல் வழக்கை அழகாகக் கட்டிக்கொண்டு போனார். ஐயாசாமி சாவதற்கு முந்தின நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வீரமுத்து அவனிடம் போய், தன் பெண்சாதியை ஏறி இறங்கி மரம் வெட்டும் மேட்டு நிரையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் புல்வெட்டுக்குப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். ஏன் என்று மண்டோர் கேட்டதற்குப் பதில் இல்லை. "ஒம்பொண்டாட்டி என்ன மகாராணியா?" என்று மண்டோர் சிரித்திருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்ன சும்மா விடமாட்டேன்" என்று வீரமுத்து கத்தியிருக்கிறான். கேட்டவர்கள் பலர். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் பாலோவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மண்டோர் வெட்டுப்பட்டுக் கிடந்தான். அதே பாதையில் அதே நேரம் வீரமுத்து ஓட்டமும் நடையுமாக வந்ததை ஒருத்தி பார்த்திருக்கிறாள். எங்கே போனாய் என்று போலீஸ் கேட்டபோது, "சும்மா நடந்துட்டு வந்தேன்" என்றிருக்கிறான்.

அடுத்துச் சாட்சிக் கூண்டேறியவர் கங்காணி சதாசிவம். தலைப்பாகை, கடுக்கன், சர்க்கார் முன்னால் பேசுகிறோம் என்ற இறுமாப்பு. அவர் சொன்னதுதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

பிணம் கிடைத்ததும் தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரையும் முனியாண்டி கோயில் முன்னால் கூட்டினாராம். ஒவ்வொருவனாக வந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். தோட்டத்தில் அதற்கு மேல் கோர்ட் இல்லை. சூடம் அணைத்தவனை அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அணைக்காதவனை விடமாட்டார்கள்.

"எல்லாரும் அணைச்சாங்க தொர. இவன் மட்டும் கையப் பின்னால கட்டிக்கிட்டான். எவ்வளவோ சொல்லிப் பாத்தோம். 'நான் வெட்டல, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்'னு ஒரே பிடியா நின்னான். செய்யாதவனுக்கு என்ன பயம் தொர? அப்பதான் போலீசுக்கு ஆள் அனுப்பினேன்" என்றார்.

மானேஜர் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். எனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது. ஆள் தொலைந்தான் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

வெளித் தாழ்வாரத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். காலையில் உள்ளே வரும்போதும் பார்த்தேன். வீரமுத்துவின் மனைவி வெள்ளையம்மா என்று யாரோ சொன்னார்கள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முந்தின வயிறு. தூணில் சாய்ந்துகொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்தாள். அந்த வயிற்றைப் பார்த்ததும் எனக்கு நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை.

நாங்கள் வேதக்காரர்கள். என் தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஆனால் டொரத்தி முழுகாமல் இருந்தபோது என் சிநேகிதன் ஒருவன் செத்துப்போக, சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போன என்னை என் மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரியின் புருஷன் பிணம் தூக்கக் கூடாது, பூசணிக்காய் உடைக்கக் கூடாது, உயிர் எதையும் கொல்லக் கூடாது, சத்தியம் பண்ணக் கூடாது, எரிகிற சுடரைக் கையால் அணைக்கவே கூடாது. அணைத்தால் வயிற்றில் எரிகிற சுடரும் அணைந்துவிடும். சத்தியம் உண்மையா பொய்யா என்பது அங்கே பேச்சே இல்லை. ஜெபமாலை உருட்டுகிற வீட்டிலேயே அப்படியென்றால், தோட்டத்தில் கேட்க வேண்டுமா?

அசெஸ்ஸர் சாட்சியைக் கேள்வி கேட்கலாம். கையைத் தூக்கினேன். நீதிபதி தலையசைத்தார்.

"கங்காணி, பொண்டாட்டி முழுகாம இருந்தா புருஷன் சூடம் அணைப்பானா?"

சதாசிவம் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அணைக்க மாட்டாங்க ஐயா" என்றார்.

"அன்னைக்கு இவன் பொண்டாட்டி முழுகாம இருந்தாளா?"

"அது... அப்ப யாருக்கும் தெரியாதுங்க. யாரும் சொல்லல. முன்னால ரெண்டு கொற விழுந்திருச்சு அந்தப் பொண்ணுக்கு. அதனால வெளிய சொல்லாம மறைச்சிருப்பாங்க. வளையல் போடற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாங்க, கண்ணு பட்டுடும்னு." அவர் முகம் மாறிவிட்டது. கூண்டில் நின்ற வீரமுத்துவை அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ, எனக்குத் தோணலியே" என்று மெல்லச் சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டுமா என்று தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் விழித்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரட்டுக் களத்துச் சண்டையும் அதனால்தான், மேட்டு நிரையும் அதனால்தான். எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தது. உயிர் தப்பினான் என்றே நினைத்தேன். எவ்வளவு மடையன் நான்.

சர்க்கார் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காரணம் இதுதான் என்று எதிரி வீரமுத்து உன்னிடமோ போலீசிடமோ சொன்னானா?" "இல்லைங்க" என்றார் கங்காணி. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வீரமுத்துவின் முறை வந்தது. சர்க்கார் அவனுக்கென்று அமர்த்திய வக்கீல் இளைஞர், கெட்டிக்காரர்தான். எதிரிக்கு மூன்று வழி உண்டு என்று நீதிபதி விளக்கினார். சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம், அப்படிச் சொன்னால் சர்க்கார் வக்கீல் குறுக்கே கேட்பார். சத்தியம் செய்யாமல் கூண்டிலிருந்தே பேசலாம், யாரும் குறுக்கே கேட்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பேச்சுக்கு அத்தனை கனம் இருக்காது. வாய் திறக்காமலும் இருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. எவ்வளவு நேர்மையான சட்டம்! எதிரிக்கு எத்தனை கதவுகள் திறந்து வைத்திருக்கிறார்கள்! இவன் நுழையக்கூடியது எதுவோ அது மட்டும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

"சத்தியம் வேணாங்க. இங்கேர்ந்தே சொல்றேன்" என்றான் வீரமுத்து. "அவளுக்குப் புளிப்புமேல ஆசைங்க. பாலோவுல சீனன் கடையில ஜெருக்கு வாங்கப் போனேன். உப்பு மாங்கா, நெல்லிக்கா எல்லாம் போட்ட ஜெருக்கு. இருட்டறதுக்குள்ள குடுக்கணும்னு ஓடியாந்தேன். போலீசுல அதச் சொன்னா ஏன் வாங்கினேன்னு கேப்பாங்க. அதான் சும்மா நடந்தேன்னு சொன்னேன். மண்டோர நான் பாக்கவே இல்லீங்க."

அவ்வளவுதான். சீனன் கடைக்காரனை வக்கீல் ஏற்கெனவே தேடிப் பிடித்து விசாரித்திருந்தார். தினம் எத்தனையோ பேர் ஜெருக்கு வாங்குகிறார்கள், யாரென்று நினைவில்லை என்று கைவிரித்துவிட்டானாம்.

வக்கீல் கடைசியாக வெள்ளையம்மாவைக் கூப்பிட்டார். அவள் படியேறும்போது கோர்ட் போலீஸ்காரர் கை கொடுத்தார். நீதிபதி ஒரு நாற்காலி போடச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சத்தியப் பிரமாணத்தை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு சத்தியம் பண்ண மாட்டேன் சாமி. உள்ளதச் சொல்றேன். சத்தியம் மட்டும் கேக்காதீங்க."

நீதிபதி பொறுமையாகத்தான் இருந்தார். தீ இல்லை, சாமி இல்லை, உண்மையைச் சொல்வதாக வாயால் ஒப்புக்கொண்டால் போதும் என்று விளக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரும் தணிந்து தணிந்து சொன்னார். அவள் கூண்டில் நிற்கும் புருஷனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். கழுத்துக்குக் கயிறு அளந்துகொண்டிருக்கும்போது, வேண்டாம் என்று தலையசைத்தான்! எனக்கு எழுந்துபோய் இருவரையும் நாலு அறை அறையலாம் போலிருந்தது. அவர்கள் காலில் விழலாம் போலவும் இருந்தது.

சத்தியம் இல்லாமல் சாட்சியம் இல்லை. அவளை இறங்கிப் போகச் சொன்னார்கள்.

தீர்ப்புக்கு முன் அசெஸ்ஸர்களுக்கு ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். நான் மானேஜரைப் பிடித்துக்கொண்டேன். என் இங்கிலீஷ் முழுவதையும் கொட்டினேன். சண்டைக்கும் காரணம் அந்தப் பிள்ளை, ஓடியதற்கும் அந்தப் பிள்ளை, பொய்க்கும் அந்தப் பிள்ளை, மௌனத்துக்கும் அதே பிள்ளை என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்வது நடந்திருக்கலாம், ஸ்டானிஸ்லாஸ்" என்றார். "ஆனால் என் உயிர் போகிறது என்றால் நான் சொல்லிவிடுவேன். எந்த மனிதனும் சொல்லிவிடுவான்."

"அவனால் முடியாது."

"முடியாது என்பதை நான் எப்படி நம்புவது? அவன் மிரட்டியதைக் கேட்டவர்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள். அவன் ஓடியதைப் பார்த்தவள் சத்தியம் செய்திருக்கிறாள். அவன் பக்கத்தில் ஒருவர்கூடச் செய்யவில்லையே." அவர் சிகரெட்டைப் பாதியில் நசுக்கினார். "எனக்கும் இது பிடிக்கவில்லை."

குற்றவாளி என்றார் அவர். இல்லை என்றேன் நான். நீதிபதி நிதானமாக வாசித்தார். கோயிலில் சத்தியம் செய்ய மறுத்ததைத் தாம் அடியோடு ஒதுக்கிவிட்டதாகவும், அதைச் சுட்டிக்காட்டிய அசெஸ்ஸருக்கு நன்றி என்றும் சொன்னார். எனக்கு நன்றி! பேசாமல் இருந்ததற்காகவும் எதிரியைக் குறை சொல்ல முடியாது, அது அவன் உரிமை என்றார். மிச்சம் இருப்பவை மிரட்டல், அந்தப் பாதை, போலீசிடம் சொன்ன பொய். அவற்றுக்குச் சத்தியத்தோடு வந்த பதில் எதுவும் இல்லை. சந்தேகம் என்பது நியாயமானதாக இருக்க வேண்டும், இரக்கத்தால் வரும் சந்தேகம் போதாது. அப்புறம் கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் தூக்கு என்று தமிழில் சொன்னார். வீரமுத்து கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்று தெரியவில்லை.

விசாரணை முடிந்தால் அசெஸ்ஸர் வெறும் ஆள். பேசலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நான் வெள்ளையம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். என்னை ஏச வாயெடுத்த டொரத்தி, அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாய் விரித்தாள். அச்சுக்கூடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் வெள்ளையம்மா தங்கினாள். நான் மேலிடத்துக்குக் கருணை மனு எழுதினேன். என் கையாலேயே எழுத்துக் கோத்து, என்னிடமிருந்த நல்ல தாளில் அடித்தேன். வீரமுத்துவின் வக்கீலும் கையெழுத்துப் போட்டார். கங்காணி சதாசிவம் பாலோவிலிருந்து வந்து ரேகை வைத்துவிட்டு, வெள்ளையம்மா முகத்தைப் பார்க்காமலே ரயிலேறினார்.

பிள்ளை பிறந்தது. பெண். கறுப்பாக, கனமாக, தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளை. வெள்ளையம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. அந்த வாரமே மனுவுக்குப் பதில் வந்தது. தலையிடக் காரணம் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று டொரத்தியைக் கேட்டேன். "நீங்கதானே அபிப்பிராயம் சொல்றவரு" என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள்.

சிறையில் பார்க்க அனுமதி கிடைத்தது. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெள்ளையம்மா என்னோடு வந்தாள். கக்கத்தில் ஒரு மூட்டை. இரட்டைக் கம்பிக்கு அந்தப் பக்கம் வீரமுத்துவை உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கையி காலெல்லாம் நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. ஒங்க மூக்கு."

அவன் என் பக்கம் திரும்பினான். "நேத்து ஜெயில் பெரிய தொர வந்து சொல்லிட்டாருங்க ஐயா, மனு ஆகலன்னு. எப்படி ஆகும்? நான்தான் இன்னும் சத்தியம் பண்ணலியே. இப்பதான் புள்ள நல்லபடியா வந்திருச்சே, சூடம் கொண்டாங்க."

மனு ஆகவில்லை என்று கேட்டும் வெள்ளையம்மா பதறவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சூடம் இருந்தது. பாலோவிலிருந்து புறப்படும்போதே முடிந்து வைத்ததாம்.

காவலுக்கு நின்ற மலாய் வார்டர் முறைத்தார். நெருப்பு கூடாது என்றார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன், இது அவனுடைய சும்பா, சத்தியம் என்று. அந்த வார்த்தை அவருக்குப் புரிந்தது. வாசலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு சூடத்தை வாங்கி அந்தப் பக்கம் கல் தரையில் வைத்து, தன் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியால் அவரே கொளுத்தினார். "லெகாஸ் லா, லெகாஸ்" என்று அவசரப்படுத்தினார்.

வீரமுத்து அவசரப்படவில்லை. சுடர் நன்றாக நிமிரும்வரை பார்த்திருந்தான்.

"ஐயாசாமிய நான் வெட்டல. முனியாண்டி சாட்சி, எம்புள்ள சாட்சி."

உள்ளங்கையால் அடித்தான். அணைந்தது. அந்த வழக்கில் கோர்ட்டார் கேட்டுக்கொண்டே இருந்த சாட்சியம் அதுதான். கோர்ட்டைச் சேர்ந்தவன் என்று அதைக் கேட்டவன் நான் ஒருத்தன். என்னிடம் அதை வாங்கிக்கொள்ள இப்போது யாரும் இல்லை. நீதிபதி அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். மானேஜர் தோட்டத்துக்குப் போய்விட்டார். சட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. எழுதினேன், அன்று சாயங்காலமே மேலிடத்துக்கு மறுபடி எழுதினேன். அசெஸ்ஸரின் கடமை விசாரணையோடு முடிந்தது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அது வந்து சேர்வதற்கு முன்பே அவனை அடக்கம் செய்தாகிவிட்டது.

ஆனால் நான் மறக்க முடியாமல் கிடப்பது அதை அல்ல. சத்தியம் முடிந்து நாங்கள் வெளியே வந்த அந்த நேரத்தைத்தான். வெயிலில் கண் கூசியது. சிறைச் சுவரை ஒட்டி நின்று வெள்ளையம்மா கக்கத்து மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே வெளுத்து மடித்த வேட்டி, ஒரு சட்டை, தோளில் போடத் துண்டு. சட்டையை உதறிப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்தாள். அவள் முகத்தில் கவலை என்பதே இல்லை. சூடம் அணைத்தவனை அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள் அல்லவா?

"எந்த வாசல் வழியாங்க ஐயா விடுவாங்க?" என்று கேட்டாள்.

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. அந்தச் சிறைக்கு ஒரு வாசல்தான், அதைக் கையால் காட்டினேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வேட்டியைப் பக்கத்தில் வைத்து, அந்த வாசலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.